ஒரு கோடுகூட இல்லாமல்

"இதயத்துல ஓட்டை பெரிசு. தொடை ரத்தக்குழாய் வழியா மூட முடியாது, நெஞ்சைத் திறந்துதான் தைக்கணும். குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துதா?" என்றார் டாக்டர்.

"யாருக்கும் இல்ல," என்றார் மாமியார் ஞானம்மா.

என் மகளுக்கு மூன்று வயது. அவள் அம்மா எழிலரசி போன மாதம் ஒரகடம் கம்பெனியில், ஷிப்டில் நின்றபடியே விழுந்து இறந்தாள்.

வெளியே வந்ததும் மாமியார் என் கையைப் பிடித்தார்.

"கையெழுத்துப் போடாதீங்க மாப்ளே. பொம்பளப் புள்ள. நெஞ்சுல தழும்பு இருந்தா எவன் கட்டிக்குவான்?"

"உசுரோட இருந்தாத்தானே அத்தை?"

"எழிலுக்கும் சின்ன வயசுல இதே ஆபரேஷன்தான் சொன்னாங்கோ. நாங்க ஒத்துக்கினோமா? ஒரு கோடுகூட இல்லாமத்தானே உங்களுக்குக் கட்டிக் குடுத்தோம்!"

அவர் பிடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு போய்க் கையெழுத்துப் போட்டேன்.