முதுகில் அரசியலமைப்பு

சுவரில் எதையும் ஒட்டக்கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், குரூப் டூ தேர்வுக்கான மன வரைபடத்தை என் மனைவி மங்கையர்க்கரசி மார்க்கர் பேனாவால் என் முதுகிலேயே வரைந்தாள். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் அரசியலமைப்பு. அதிலிருந்து கிளம்பிய கிளைகளில் உச்ச நீதிமன்றம் தோள்பட்டைக்கு ஏறியது, கிராம ஊராட்சி இடுப்புக்கு இறங்கியது, என் மச்சம் ஆளுநராகப் பதவியேற்றது. "மூச்சு விடாதீங்க, மாநிலங்களவை கோணிக்கிட்டுப் போகுது" என்பாள். இரண்டு முறை தோற்றவள். இந்த முறையும் போனால் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தாள். தேர்வன்று பள்ளி வாசலில் வெயில் கொளுத்தியதில், என் வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டி, வரைபடம் மொத்தமும் வெளியே தெரிந்துவிட்டது. "அண்ணே, கொஞ்சம் அசையாம நில்லுங்க, பண மசோதாவ மட்டும் பாத்துக்கிறேன்" என்றாள் யாரோ ஒரு பெண். பின்னால் கூட்டம் சேர்ந்தது. இதுவரை ஒருவரும் திரும்பிப் பார்த்திராத முதுகு அது. கொடிக்கம்பம் போல நிமிர்ந்து நின்றேன். "அரசி, நீயும் ஒருதடவ பாத்துக்கயேன்" என்றேன். மணி அடித்தது. "வீட்டுக்குப் போயி நல்லாத் தேச்சுக் குளிங்க" என்று சொல்லிவிட்டு, அவள் மட்டும் என் முதுகைப் பார்க்காமலே உள்ளே போனாள்.