மிச்சமான பெட்ரோல்

"இன்னும் குறைங்கம்மா. பெட்ரோலை மிச்சம் பிடிச்சாத்தானே பொழுது சாயற வரைக்கும் தேட முடியும்?" மரக்கடை முதலாளி கெஞ்சினார்.

அந்தச் சின்ன விமானத்தை ஓட்டிய பெண், அதன் முன்விசிறியின் சுற்றைத் தணித்தாள். இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலையும் துளித்துளியாகக் குறைத்தாள். இன்ஜினுக்கு வேகம் கூட்டும் டர்போவின் வெப்பமானி முள் உச்சிக்கு ஏறி, பிறகு மெல்ல இறங்கி நின்றது.

"இதுக்கு மேல குறைச்சா இன்ஜின் இருமும் அண்ணே. இதுலயுமா பேரம்?"

"காணாமப் போனது என் தங்கச்சி புருஷன்மா. கடையில சரிபாதிப் பங்காளி. படகுல தெற்கேதான் போனான். மெதுவாவே போங்க, ஒரு அலை விடாமப் பார்க்கணும்."

"இப்படி ஒரு மச்சான் கிடைக்க அவர் கொடுத்து வெச்சிருக்கணும்!"

தெற்குக் கடலில் ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. வெயில் மங்கியது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போதும்மா. திரும்பிடலாம். தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்!"

"நீங்க பிடிச்ச சிக்கனத்துல பெட்ரோல் நிறைய மிச்சம் அண்ணே. வடக்குப் பாறைப் பக்கமும் ஒரு எட்டு போய்ப் பார்த்துடலாம்."

"ஐயோ, இருட்டிடும்மா!"

"டர்போ வேற எதுக்கு இருக்கு?"

அவர் மறுப்பதற்குள் விமானம் சீறியது.

பாறைமேல் ஒருவன் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தான்.

"உயிரோட இருக்காரு அண்ணே!" அவள் கத்தினாள்.

முதலாளி குனிந்து பார்க்கவில்லை. "மச்சான், படகு இன்ஜின் நின்னுபோச்சு. வடக்குப் பாறையில ஒதுங்கியிருக்கேன், சீக்கிரம் ஆள் அனுப்புங்க" என்ற போன், முந்தாநாளே அவருக்கு வந்திருந்தது.