ஒரு முழம் நாடா

பித்தளைக் குழாயை உப்புத்தாளால் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள்.

பளபளப்பு போக வேண்டும். வழவழவென்று இருந்தால் மேலே வார்க்கும் ரெசின் பிசின் ஒட்டாது.

உள்ளே தங்கிய தூளை ஊதினாள். குழாய் லேசாகக் கூவியது.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். இனி விரல் படக் கூடாது. இரண்டு வாயையும் மெழுகால் அடைத்தாள். உள்ளே ஒரு சொட்டு ரெசின் இறங்கினாலும் பேனாவின் ரீஃபிலுக்கு வழி இருக்காது.

எதிரே கட்டிலில் வாப்பா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கழுத்தில் சின்னத் துணித் திரை. அதன் பின்னால் ஒரு துளை. குரல்வளையை எடுத்த பிறகு மூச்சு விடுவது அந்த வழியாகத்தான். பேசுவது சிலேட்டில். சாக்பீஸ் தூள் துளைக்குள் போனால் இருமல் ஆளைப் பிய்த்தெடுக்கும்.

அதனால்தான் இந்தப் பேனா.

விற்பதற்கு எத்தனையோ வார்த்திருக்கிறாள். பூவிதழ், சிப்பித் தூள், யாரோ ஒருத்தியின் கல்யாணப் புடவை ஜரிகை. குழாயின் மேல் ஒட்டி ரெசினை ஊற்றிவிட்டால் அப்படியே நிற்கும்.

வாப்பாவின் பேனாவில் வாப்பாவின் குரலைச் சுற்ற நினைத்தாள்.

ஒரே ஒரு கேசட் மிஞ்சியிருக்கிறது. கடிதம் எழுதச் சோம்பல்பட்டு, துபாயிலிருந்து உம்மாவுக்குப் பேசி அனுப்பியது. மற்றவை பூஞ்சை பிடித்துப் போயின. போனில் பதிந்து பார்த்தாள். உம்மா கேட்டுவிட்டு, இது யார் என்றாள்.

குழாய்க்கு ஒரு முழம் நாடா போதும்.

ஆனால் வெட்டிய முழத்தை இனி யாரும் கேட்க முடியாது.

கத்திரிக்கோலை எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள்.

வாப்பா சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

பேசாத இடத்தை வெட்டு.

கெட்டிக்காரர்தான். அவளுக்கு இது தோன்றவே இல்லை.

கேசட்டை டேப்பில் போட்டுக் கடைசிக்கு ஓட்டினாள். வாசற்படியைத் தாழ்வாக வைத்துவிட்டான் என்று வாப்பா கொத்தனாரைத் திட்டுகிறார். எல்லோருக்கும் சலாம் சொல்கிறார். பிறகு நிறுத்த மறந்துவிட்டார்.

கேசட்டுக்குள் கட்டில் கிரீச்சிடுகிறது. மின்விசிறி சுற்றுகிறது. எங்கோ ஒரு குழாய் சொட்டுகிறது.

தூங்கிவிட்டார்.

மூச்சு வந்தது. கொஞ்சம் நின்றது. போனது.

மத்தியான வெயில் திரைச்சீலையில் மஞ்சளாக அசைந்தது. அறைக்குள் இரண்டு மூச்சு. ஒன்று மூக்கு வழியாக, அந்த ஊரில். ஒன்று கழுத்து வழியாக, இங்கே. முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தவை எப்போது சேர்ந்துகொண்டன என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாப்பாவின் கை மெதுவாக மூக்கைத் தொட்டது.

அவளுக்கு அழுகை வந்தது. துடைத்து வைத்த குழாயைத் தள்ளி வைத்தாள்.

அடுப்படியிலிருந்து உம்மா வந்து நின்றாள். முழங்கைவரை ஈரம்.

"அந்த எடத்தத் தொடாதெ புள்ள. அப்பல்லாம் அதெக் கேட்டுத்தான் நா ஒறங்குவேன். பேச்சு வேணும்னா எடுத்துக்க."

வாப்பா உம்மாவைப் பார்த்தார்.

அவருக்கு இது தெரியாது. தான் பேசியதையெல்லாம் உம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார். அந்த நினைப்பில், பேச்சு போனதோடு எல்லாம் போயிற்று என்றும்.

சிலேட்டை ஓரமாக வைத்தார். கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். உம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொத்தனாரைத் திட்டும் இடத்தை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.

அவள் டேப்பை நிறுத்தவில்லை.