சுற்றுக்கு விட்ட ரெக்கார்டு

ஊசியை வைத்ததும் ஓர் ஆண்குரல், "இரண்டு கைகளையும் மேலே தூக்குங்கள். மூச்சை மெல்ல உள்ளே இழுங்கள்" என்றது.

அவள் திகைத்தாள். சோபாவில் சாய்ந்திருந்த கணவர் நிஜமாகவே கையைத் தூக்கினார்.

"ஜாஸ்னா இதுதானா? தெரிஞ்சிருந்தா நானும் உங்க குழுவில சேர்ந்திருப்பேனே."

"சும்மா இருங்க" என்று தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். உறையில் சாக்ஸபோன் ஊதும் மனிதரின் படம். உள்ளே இருந்த தட்டிலோ 'மூட்டுவலிக்கு எளிய பயிற்சிகள்' என்று அச்சடித்திருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துச் சொல்கிற வேலை அவளுக்கு. ஜாஸ் ரசிகர்களின் இணையக் குழுவில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதால், பழைய ரெக்கார்டு ஒன்றை யாராவது சுற்றுக்கு விடுவார்கள். ஆளுக்கு ஒரு வாரம் வைத்துக் கேட்டுவிட்டு, குழுவில் கருத்து எழுதி, அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும்.

இதைச் சுற்றுக்கு விட்டவர் ரிட்டயரான ஹெட்மாஸ்டர் ஒருவர். குழுவில் அதிகம் வாய் திறக்காதவர். கடைசி ஆளாக இவள் கைக்கு வந்திருந்தது. முன்னால் வாங்கியவர்கள் எல்லோரும் எழுதித் தள்ளியிருந்தார்கள்.

'சாக்ஸபோன் அழுகிறதா, சிரிக்கிறதா என்றே தெரியவில்லை' என்று பேங்க் மேனேஜர் உருகியிருந்தார். குழுவை நடத்தும் பல் டாக்டர் லேசில் யாரையும் மெச்சாதவர். அவர் வாயில் விழுந்து முழுசாக எழுந்த ரெக்கார்டு கிடையாது. அவரே 'வாயடைத்துப் போனேன்' என்று எழுதியிருந்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மேதாவிகள் எழுதியதைப் படித்துவிட்டுத்தானே, நமக்கு அவ்வளவு ஞானம் இல்லை என்று ஒவ்வொரு முறையும் எழுதினதை அழித்துக்கொண்டிருந்தாள்? கடைசியில் பார்த்தால், ஒருத்தர்கூட ரெக்கார்டைப் போட்டே பார்க்கவில்லை.

தட்டைப் படம் பிடித்து, 'உங்களையெல்லாம் உருக வைத்த சாக்ஸபோன் இதுதான்' என்று ஆரம்பித்து, நறுக்கென்று நாலு வரி தட்டினாள். அனுப்பப் போன நேரத்தில் கணவர்தான் தடுத்தார். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவதற்கு முன், சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்பதுதான் முறை என்றார்.

பல் டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் மழுப்பவில்லை. முதலில் கேட்டதே தான்தான் என்றார். பாதி தட்டு ஓடும்வரை ஏதோ புதுமாதிரி ஜாஸ் போலிருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டிருந்ததையும் ஒப்புக்கொண்டார்.

"அப்புறம் ஏன் சார் அப்படி எழுதினீங்க?"

"ரெக்கார்டைக் கொடுக்கும்போது ஹெட்மாஸ்டர் என்ன சொன்னார் தெரியுமாம்மா? 'இத்தனை வருஷமா இதை நான் ஒருத்தனாவே கேட்டேன். இப்பத்தான் கூடக் கேக்க ஆள் கிடைச்சிருக்கு'ன்னார். அவர்கிட்டப் போய், தட்டை மாத்தி வச்சுட்டீங்கன்னு எப்படிச் சொல்றது? கூசிப்போயிடுவார். அப்புறம் எதையுமே வெளியில எடுக்க மாட்டார்."

அதனால் அதே ரெக்கார்டை இணையத்தில் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டுத்தான் எழுதினாராம். வாங்கியவர்கள் எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லி, அதேபோல் செய்யச் சொன்னாராம். மேனேஜர் இவளிடம் கொடுக்கும்போது சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது.

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தட்டி வைத்த நாலு வரியையும் அழித்தாள். இணையத்தில் தேடி, அந்த சாக்ஸபோனைக் கண்மூடிக் கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டைத் திருப்பிக் கொடுக்க ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, விந்தி விந்தி நடந்து வந்து கதவைத் திறந்தார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு சார். அந்த சாக்ஸபோன் காதிலேயே நிக்குது" என்றாள்.

அவர் உறைக்குள்ளிருந்து தட்டை எடுத்தார். அவள் தடுப்பதற்குள், அதில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "அப்பாடா, வந்து சேர்ந்துச்சு" என்றார்.

அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"கொடுத்த மறுநாளே தெரிஞ்சுபோச்சும்மா. பயிற்சிக்காகப் போட்டா, சாக்ஸபோன் ஊதுது. மாத்திக் கொடுத்துடலாம்னு கிளம்பினேன். அதுக்குள்ள டாக்டர் வாயடைத்துப் போனேன்னு எழுதிட்டார். அவரைத் தொடர்ந்து எல்லாரும் எழுதிட்டாங்க. இத்தனை வாரமாப் பயிற்சி இல்லாம முட்டி பிடிச்சுக்கிட்டு உயிர் போகுது."

"கேட்டு வாங்கியிருக்கலாமே சார்?"

"எப்படிம்மா கேக்கிறது? எல்லாரும் பாடத்தைத் தொடாமலே பரீட்சை எழுதியிருக்காங்க. இந்த வயசில அவங்களைப் பெஞ்சு மேல ஏத்தச் சொல்றீங்களா? எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா டாக்டர் அப்புறம் குழுப்பக்கமே தலைகாட்ட மாட்டார். பாவம்மா, நல்ல மனுஷங்க."

பிறகு அவளைக் கனிவோடு பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டார்.

"நீங்களும் கேக்கலை, இல்லையா?"

உண்மை நுனிநாக்குவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க சார். கடையில வேலை அதிகம். கேக்க நேரமே கிடைக்கலை."