கறுப்புக் குதிரை

வேஃபர் பிஸ்கட் பாக்கெட்டுக்குள் ஓர் அட்டை இருக்கும். அதை ஸ்கேனரில் வைத்தால் வீடியோ கேமில் புதிய குதிரை கிடைக்கும். அட்டை இளவழகனுக்கு, வேஃபர் ஆறு வயது மகள் நறுமுகைக்கு. அன்று மாலை அவள் தின்னத் தின்ன அவன் பாக்கெட்டுகளைப் பிரித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அவள் அட்டைகளின் மேலேயே வாந்தியெடுத்தாள். அவன் மனைவி கோமகள் ஓடிவந்து மகளின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள்.

“ஐயோ, கார்டு!” என்ற இளவழகன், பிசுபிசுத்த ஓர் அட்டையை லுங்கியில் துடைத்து ஸ்கேனரில் வைத்தான். ‘பீப்’ என்றது.

“வந்துடுச்சுடி! கறுப்புக் குதிரை!”

புளித்த நாற்றத்தைவிட அவன் சிரிப்புதான் கோமகளுக்குக் குமட்டியது.

“அப்பா, இன்னொண்ணு தின்னட்டுமா?” என்றாள் நறுமுகை.

திரையிலிருந்து கண்ணெடுக்காமல், கழுவாத விரல்களால் ஒரு வேஃபரை எடுத்து நீட்டினான். கோமகள் அவன் மணிக்கட்டைப் பிடித்து அவன் வாய்க்கே கொண்டுபோனாள்.

“மொதல்ல நீங்க தின்னுங்க.”

அவன் வாயை இறுக மூடிக்கொண்டான்.