பராமரிப்பாளர் நிலவன்

விம்கோ நகர் மங்கை ஓர் இலவச இயங்குதளத்தின் தன்னார்வலர். வெளியாட்கள் எழுதும் மென்பொருள்களை அதற்கேற்ற பொதிகளாகக் கட்டி, பிழை வந்தால் திருத்துவது இந்தத் தன்னார்வலர்களின் வேலை. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர் பெயர் இருக்கும்.

கடல் அலையின் உயரத்தைச் சொல்லும் பொதியை எட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டவன் ராயபுரம் நிலவன். பிழைப் புகார்களுக்கு இரண்டு மாதம் அவன் பதில் போடவில்லை. விதிப்படி மங்கை அவன் பெயரை நீக்கித் தன் பெயரைச் சேர்த்தாள். அது அவளுடைய நெடுநாள் ஆசை. பெயரை நீக்குவதற்கு முந்தின நாள்தான் அவளுக்கு அவன் மெயில் வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், பெயரை மட்டும் எடுக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தான். படித்துவிட்டு, பார்க்காததுபோல் இருந்துவிட்டாள். பத்தாம் நாள் அவன் இறந்துபோனான்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பொதிக்குப் புதிய பதிப்பு வந்தது. மங்கை செய்த ஒரு தவறு அதில் திருத்தப்பட்டிருந்தது. கையொப்பம் நிலவனுடையது. அவன் கணினியில் இருந்து மட்டுமே அதைப் போட முடியும்.

மறுநாள் காலை அவன் வீட்டுக்குப் போனாள். அவன் அக்கா மலர் அலமாரியைத் திறந்து காட்டினாள்.

“லேப்டாப்பு இங்கதாம்மா கீது. அவன் போனதுலேர்ந்து யாரும் தொடல. பேட்டரி உப்பிப்போச்சு.” டீயை நீட்டினாள். “கடைசி வரிக்கும் உன்னைப் பத்தி சொல்லிகினே இருந்தான். அந்தப் பொண்ணு மெயிலைப் பாத்திருக்காது, பாத்திருந்தா பேரை எடுத்திருக்காதுன்னு.”

“ஆமாக்கா, பாக்கல” என்றாள் மங்கை.

வீடு திரும்பியபோது அடுத்த பதிப்பு வந்திருந்தது. நிரலில் எதுவும் மாறவில்லை. என்ன மாறியது என்று சொல்லும் மாற்றக் குறிப்பில் மட்டும் ஒரு வரி இருந்தது:

“பிழை திருத்தம்: மங்கை மெயிலைப் படித்தாள்.”