முன் வலது

டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது.

"இதுக்கு ஏழாவது மாசம் ஐயா. இனிமே ஓட விடக்கூடாது" என்று டயர் கடைக்காரர் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

என் மகன் செல்போனை நோண்டிக்கொண்டு நின்றான். நீங்க எதுக்குப்பா வெயில்ல வர்றீங்க என்று வீட்டிலேயே தடுத்துப் பார்த்தவன். கண்ணால் பார்க்காமல் எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. பால்காரன் ஊற்றின பாலையே இன்னொரு தரம் அளப்பேன்.

ஆனால் இன்று காலையில் நம்பிவிட்டேன்.

நேற்று மார்க்கெட்டிலிருந்து திரும்பி வாசலில் வண்டியை நிறுத்தும்போது, பிளாட்பாரக் கல்லில் நான் இடித்துவிட்டேனாம். எனக்கு இடித்த ஞாபகமே இல்லை. அந்த ஞாபகம் இல்லாததுதான் வியாதியாம்.

இனிமே வண்டி ஓட்ட வேண்டாம்ப்பா என்று மகன் கையை நீட்டினான். சாவியைக் குடுத்துவிட்டேன்.

எங்கள் தெரு ஒடுக்கம். வண்டியைப் பாதி பிளாட்பாரத்தில் ஏற்றி நிறுத்தாவிட்டால் லாரிக்காரன் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போவான். கல்லோ ஒரு சாணுக்கு மேல் உயரம். அதற்காகவே சரிவாகச் சீவின இரண்டு கட்டை வைத்திருக்கிறேன். இறங்கிப் போய்க் கட்டையைப் போட்டு, முதல் கியரில், அரை கிளட்சில், எறும்பு ஊர்கிற மாதிரி ஏற்றுவேன். பின்னால் வருகிறவன் ஹாரனை அமுக்கித் திட்டுவான். திட்டிவிட்டுப் போகட்டும். இருபத்தாறு வருஷத்தில் கல்லில் இடித்து ஒரு டயர் போனதில்லை.

குனிந்து புடைப்பைத் தடவினேன். பக்கத்தில் சாக்பீஸால் 'மு.வ' என்று எழுதியிருந்தது.

"இது என்னது?"

"முன் வலது ஐயா. சக்கரம் மாறிடக் கூடாதுல்ல, எழுதிட்டுத்தான் கழட்டுவோம்."

வலது.

மார்க்கெட்டிலிருந்து வந்தால் எங்கள் வீடு இடது பக்கம். நான் ஏற்றுவது இடது சக்கரங்களை மட்டும். வலது சக்கரம் ரோட்டிலேயே நிற்கும், கல்லைத் தொடக்கூடத் தொடாது. ஆபீஸிலிருந்து இதே வண்டியில் எதிர்ப்பக்கமாக வருகிற மகனுக்குத்தான் வீடு வலது பக்கம். கட்டை போடப் பொறுமை இல்லாமல் விர்ரென்று ஏற்றுகிறவனும் அவன்தான்.

மகனைப் பார்த்தேன். செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

அவன்மேல் பெரிதாகக் கோபம் வரவில்லை. சின்ன வயசிலேயே பந்தடித்து ஜன்னலை உடைத்துவிட்டு, பூனை உடைத்தது என்பான். அவன் வாய்ச்சொல்லை மட்டும் கேட்டு நான் சாவியைக் குடுத்திருக்கவே மாட்டேன்.

கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி பக்கம் திரும்பினேன். நானும் வர்றேன் என்று அவளாகத்தான் கிளம்பி வந்தாள். நேற்று மார்க்கெட்டிலிருந்து வண்டியில் என் பக்கத்தில் இருந்தவள் அவள்தான். ஆமாங்க, நீங்கதான் இடிச்சீங்க, நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன் என்று காலையில் சொன்னவளும் அவள்தான்.

"எந்தச் சக்கரம்டி இடிச்சேன்?"

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"உங்களுக்கு எழுபத்தாறு ஆகுதுங்க" என்றாள்.